ஒஃபேனியாவின் பெட்டியில் புனிதர்கள்

ரஷ்யக் குடியானவர்கள் புனிதர்களின் திருநாட்களை வைத்தே பருவம் பார்த்தார்கள். பழைய நாட்காட்டியின் ஏப்ரல் 23, புனித ஜார்ஜ் நாள். பனிக்காலம் முழுக்கக் கொட்டிலில் அடைந்து கிடந்த மாடுகளை அன்றுதான் மேய்ச்சலுக்கு இறக்குவார்கள். ஆகஸ்ட் 18, ஃப்ளோர், லாவர் என்ற இரு புனிதர்களின் நாள். அன்று குதிரைகளுக்கு வேலை கிடையாது. தேவாலயத்துக்கு ஓட்டிவந்து தீர்த்தம் தெளிப்பார்கள்.

இந்தப் புனிதர்களைக் குடிசைச் சுவருக்குக் கொண்டுவந்தது லுபோக் என்னும் மலிவு அச்சுப்படம். எந்தத் துன்பத்துக்கு எந்தப் புனிதரை வேண்டுவது என்று சொல்லும் படமே ஒன்று உண்டு. குதிரைக்குக் கொள்ளைநோயா? ஃப்ளோரும் லாவரும். மாட்டுக்கா? விலாசி. கிட்டத்தட்ட ஒரு கால்நடை வைத்தியக் கையேடு!

திருச்சபைத் தலைமைக்கு இது பிடிக்கவில்லை. காகிதத்தில் அச்சான புனிதர்களுக்கு ஜெர்மானிய முகச்சாயலும் உடையும் இருப்பதாகக் கடிந்து, 17ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் தலைமைப் பேராயர் யோவாகிம் தடை போட்டார். யார் கேட்டார்கள்? 1692க்கும் 1696க்கும் இடையில் வசிலி கோரென் 36 மரச்செதுக்குப் படங்களில் ஒரு விவிலியத்தையே வெளியிட்டார். எஞ்சியிருக்கும் ஒரே பிரதி பீட்டர்ஸ்பர்க் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

விற்பனையும் பருவத்தோடு ஒட்டியே நடந்தது. இலையுதிர் காலத்தில், அறுவடை முடிந்ததும், விளாதிமிர் மாகாணத்து ஒஃபேனியாக்கள் படப்பெட்டியோடு ஊர் ஊராகக் கிளம்பிவிடுவார்கள். இந்த நாடோடி வியாபாரிகளுக்கென்று, வெளியாருக்குப் புரியாத தனிக் குழூஉக்குறியே இருந்தது. புனிதர் படங்களோடு, தவக்காலத்துக்கு முந்தைய மாஸ்லெனித்சா வாரத்தின் குடியும் கூத்தும் அதே பெட்டியில் வரும்.

வண்ணம் தீட்டியவர்கள் மாஸ்கோவை ஒட்டிய நிக்கோல்ஸ்கோயே போன்ற கிராமங்களின் பெண்கள். ஒரே நிறத்தை ஒரு கட்டுத் தாள்களுக்கும் விறுவிறுவென்று அடித்துவிட்டு, அடுத்த நிறத்துக்குப் போவார்கள். சிவப்பு கோட்டைத் தாண்டிப் புனிதரின் தாடியில் இறங்கினாலும் கவலைப்பட மாட்டார்கள். அந்த அவசரத்தில்தான் லுபோக்கின் உயிர் இருக்கிறது என்பேன்.

1851இல் மாஸ்கோ ஆளுநர் சக்ரெவ்ஸ்கி, தணிக்கைக்கு உட்படாத பழைய லுபோக் படங்களின் செம்பு அச்சுத் தகடுகளை வெட்டி உலோகத் துண்டுகளாக்கச் செய்தார். மிஞ்சிய படங்களைத் தேடிச் சேர்த்தவர் டிமிட்ரி ரோவின்ஸ்கி என்ற நீதித்துறை அதிகாரி. ‘ரஷ்ய மக்கள் படங்கள்’ என்ற அவரது பெருந்தொகுப்பு 1881இல் வந்தது. அதற்குள் வண்ணக் கல்லச்சு பரவத் தொடங்கியிருந்தது. நூற்றாண்டு முடிவதற்குள் நிறங்களையும் இயந்திரமே அச்சிட்டது. கிராமத்துப் பெண்களின் கூலி நின்றுபோனது.