கையேந்திய குருவானவர்: யோசே வாஸின் செபமும் ஏழைப் பணியும்

ஓர்ஸ் ஹில் முதலான திருகோணமலைத் துறைமுகப் பகுதிகளில் கத்தோலிக்கரின் ஏழைப் பணியைப் பற்றிப் பேச்செடுத்தால், 1893இல் அமைந்த மறைமாவட்டம், இயேசு சபையினர் நடத்திய பள்ளிகள், 2004 ஆழிப்பேரலைக்குப் பிந்திய நிவாரணம் என்றே பட்டியல் நீளும். எல்லாம் கொடுத்தவர்களின் வரலாறு. ஆனால் இலங்கையில் செபமும் ஏழைப் பணியும் இணைந்த ஆன்மிகத்துக்கு அடித்தளம் இட்டவர், முதலில் வாங்கியவர். இக்கட்டுரையின் வாதம் இதுவே.

1687இல் கோவாவிலிருந்து யோசே வாஸ் அடிகளார் கூலியாள் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்தார். ஒல்லாந்தர் கத்தோலிக்க வழிபாட்டைத் தடைசெய்து குருமாரைத் துரத்தியிருந்த காலம் அது. திருகோணமலைத் துறைமுகமும் அவர்கள் வசமே இருந்தது. வந்த வேகத்தில் நோய் அவரைக் கிடத்தியது. பெண்ணொருவர் கொண்டுவந்து கொடுத்த கஞ்சியே அவரைக் காத்தது என்கின்றன வரலாறுகள். எழுந்து நடமாடத் தொடங்கியதும், கழுத்தில் செபமாலை தெரிய வீடுவீடாகப் பிச்சைக்குப் போனார். எந்த வாசலில் மாலையைக் கண்டு முகம் மாறுகிறது என்று பார்ப்பார். அங்கே கத்தோலிக்கர் ஒளிந்திருக்கக்கூடும்.

இதை ஒரு தந்திரம் என்று சொல்லிவிட்டு நகர்பவர்களே அதிகம். தந்திரம்தான். ஆனாலும் அந்தக் கையில் விழுந்தது மெய்யான சோறு. செபத்தின் அடையாளமும் பசியும் ஒரே உடம்பில் இருந்தன. ஏழையை வெளியே நின்று பார்க்கும் வசதி அவருக்கு வாய்க்கவேயில்லை.

1697இல், வாஸ் அப்போது பணியாற்றிவந்த கண்டியில் வைசூரி பரவியது. அரசனும் பிரபுக்களும் நகரைவிட்டு அகன்றனர். வாஸும் அவருடைய உறவினரான குரு யோசே கார்வாலோவும் தங்கினர். கைவிடப்பட்ட வீடுகளை நோயாளர் இல்லங்களாக்கி, கழுவித் துடைத்து, ஊட்டி, இறந்தோரைப் புதைத்தனர். நோயாளரைப் பேணுவது பிலிப் நேரி தொடங்கிய ஒராட்டரி என்னும் குருக்கள் குழுவின் மரபுக்குப் பழக்கமானதுதானே, இதில் புதிதென்ன என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. கோவாவில் வாஸ் சேர்ந்து வளர்த்த குழுவும் அம்மரபுதான். ஆனால் மரபு செய்யக் கற்பிக்கும். யாருக்குக் கடன்பட்டிருக்கிறோம் என்பதை யாழ்ப்பாணத்துக் கஞ்சிதான் கற்பித்திருக்க வேண்டும். இது என் ஊகம். நேர்ச் சான்று இல்லை. ஆனால் கண்டியில் அவர் செய்தது, தமக்குச் செய்யப்பட்டதையே என்பதை மறுப்பது கடினம்.

இந்த வாசிப்பு இன்றைய பங்குகளுக்கும் பொருந்துகிறது. பாரிசில் 1833இல் பிரெடெரிக் ஓசானமும் நண்பர்களும் தொடங்கிய புனித வின்சென்ட் டி பவுல் சபை பங்குகளில் இயங்குகிறது. அதன் கூட்டம் செபத்தோடு தொடங்கும். பிறகே வீடு சந்தித்தவர்கள் விவரம் சொல்வார்கள். கூட்டத்தில் ஒரு பை சுற்றிவரும். யார் எவ்வளவு போட்டார் என்று யாருக்கும் தெரியாது. இல்லாதவர் வெறுங்கையை விட்டெடுக்கலாம். அள்ளிக் கொடுக்க இயலாத உறுப்பினரும் அங்கே சமமாக அமர்ந்திருப்பதற்கு இந்தப் பைதான் இடம் தருகிறது. உதவி பெறுபவரும் நாளை அந்தப் பைக்குக் கைநீட்டலாம். நிவாரணப் படிவங்களில் அப்படியொரு கட்டம் கிடையாது.