'போங்கு அம்பயர்!' – சேப்பாக்கத்தில் உயர்ந்த ஒரு விரலின் கதை

தி.நகர் சோமசுந்தரம் மைதானம் ஆகட்டும், மயிலாப்பூர் சந்து ஆகட்டும், பெசன்ட் நகர் கடற்கரை ஆகட்டும். ஆட்டம் நின்று சண்டை ஆரம்பிக்கும்போது முதலில் காதில் விழும் வார்த்தை 'போங்கு'. சென்னைப் பையன்களின் அகராதியில் இந்த வார்த்தைக்கு 'தவறு' என்று அர்த்தம் கிடையாது. 'ஏமாற்று' என்றுதான் அர்த்தம். அம்பயர் அவுட் கொடுத்தது தப்பு என்று யாரும் சொல்வதில்லை. 'போங்கு அம்பயர்' என்றுதான் சொல்வார்கள். இந்த இரண்டுக்கும் நடுவே பெரிய வித்தியாசம் இருக்கிறது. தவறு என்பது கண்ணைப் பற்றிய புகார். போங்கு என்பது மனசைப் பற்றிய புகார்.

உலகம் முழுக்க விளையாட்டு நடுவர்கள் வாங்கும் வசவுகளின் வரலாற்றைப் புரட்டினால் இந்த ஒரு குழப்பம்தான் திரும்பத் திரும்ப வருகிறது. அதற்கு நல்ல உதாரணம் தேடி வெளிநாடு போக வேண்டாம். மயிலாப்பூரிலிருந்து கொஞ்ச தூரத்தில், சேப்பாக்கத்திலேயே இருக்கிறது.

கடைசி ஓவர்

1986 செப்டம்பர் 18 முதல் 22 வரை சேப்பாக்கம் எம்.ஏ.சிதம்பரம் மைதானத்தில் இந்தியாவும் ஆஸ்திரேலியாவும் ஆடிய டெஸ்ட், கிரிக்கெட் வரலாற்றில் 'டை'யில் முடிந்த இரண்டாவது டெஸ்ட். முதலாவது 1960 டிசம்பரில் பிரிஸ்பேனில் ஆஸ்திரேலியாவும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடியது. அதற்குப் பிறகு இன்றுவரை இன்னொன்று நடக்கவில்லை.

மெட்ராஸ் வெயிலும் புழுக்கமும் பக்கத்து பக்கிங்ஹாம் கால்வாயின் நாற்றமும் சேர்ந்து ஆஸ்திரேலியர்களை வாட்டி எடுத்தன. டீன் ஜோன்ஸ் வாந்தி எடுத்துக்கொண்டே 210 ரன் அடித்துவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போனார். ஆஸ்திரேலியா 7 விக்கெட்டுக்கு 574 ரன்னில் டிக்ளேர் செய்தது. இந்தியா 397. அதில் கபில்தேவ் மட்டும் 119. ஆலன் பார்டர் இரண்டாவது இன்னிங்ஸை 5 விக்கெட்டுக்கு 170 ரன்னில் டிக்ளேர் செய்து, கடைசி நாளில் 348 ரன் என்ற இலக்கை வைத்தார்.

கவாஸ்கரின் 90, அமர்நாத்தின் 51, அசாருதீனின் 42 எல்லாம் சேர்ந்து இந்தியாவை ஜெயிக்கும் நிலைக்குக் கொண்டு வந்தன. பிறகு விக்கெட்டுகள் மளமளவென்று சரிந்தன. கிரெக் மேத்யூஸ் கடைசி ஓவரை வீச வந்தபோது கையில் ஒரே விக்கெட், வேண்டியது 4 ரன். ரவி சாஸ்திரி இரண்டு ரன் எடுத்தார். மூன்றாவது பந்தில் ஒரு ரன் எடுத்து ஸ்கோரைச் சமன் செய்தார். இனி இந்தியா தோற்க முடியாது. பாக்கி மூன்று பந்து. எதிரே கடைசி ஆட்டக்காரர் மணிந்தர் சிங். நான்காவது பந்தைத் தடுத்துவிட்டார். ஐந்தாவது பந்து காலில் பட்டது. ஆஸ்திரேலியர்கள் எல்லோரும் சேர்ந்து கத்தினார்கள். பெங்களூரைச் சேர்ந்த அம்பயர் வி.விக்ரம்ராஜு விரலைத் தூக்கினார். எல்.பி.டபிள்யூ. ஆட்டம் டை!

பந்து முதலில் மட்டையில் பட்டது என்று மணிந்தர் அன்றும் சொன்னார், பின்னாலும் சொல்லிவந்தார். தன் தீர்ப்பு சரிதான் என்று விக்ரம்ராஜுவும் சொல்லிவந்தார். விக்ரம்ராஜு நடுவராக நின்ற டெஸ்ட்கள் மொத்தம் இரண்டே இரண்டு. சேப்பாக்கம்தான் அவருடைய கடைசி டெஸ்ட்.

அரை நொடியில் ஒரு தீர்ப்பு

எல்.பி.டபிள்யூ கேட்கும்போது அம்பயர் என்னென்ன பார்க்க வேண்டும் என்று யோசித்தால் தலை சுற்றும். முன்கால் கோட்டைத் தாண்டியதா? பந்து எங்கே குத்தியது? எந்த நேரில் காலில் பட்டது? மட்டையில் முதலில் பட்டதா? கால் இல்லாவிட்டால் ஸ்டம்பில் போய் விழுந்திருக்குமா? இத்தனைக்கும் பதிலை ஒரே பார்வையில், ஆயிரக்கணக்கானோர் கூச்சல் போடும்போது கண்டுபிடிக்க வேண்டும். 1986ல் டி.வி. நடுவர் கிடையாது. அது 1992ல் தென்னாப்பிரிக்காவில்தான் வந்தது. ரிவ்யூ கேட்கும் முறை 2008ல்தான் சோதனைக்கு வந்தது. விக்ரம்ராஜுவிடம் இருந்தது இரண்டு கண், இரண்டு காது மட்டுமே.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று உண்டு. அந்தக் காலத்தில் உள்நாட்டு அம்பயர்கள் சொந்த அணிக்குச் சாதகமாக நடப்பார்கள் என்பதுதான் பெரிய குற்றச்சாட்டு. விக்ரம்ராஜு இந்தியர். அந்த விரலைத் தூக்காமல் இருந்திருந்தால் அடுத்த பந்தில் இந்தியா ஜெயித்திருக்கலாம். தலைமுறை தலைமுறையாகப் பேசப்படும் ஹீரோவாகவும் யாராவது ஆகியிருக்கலாம். தூக்கியதால் அவருக்கு என்ன லாபம்? ஒன்றுமில்லை. ஆனாலும் வசவு விழுந்தது அவர் தலையில்தான். அதே கடைசி நாளில் இன்னொரு பக்கம் ஆஸ்திரேலியர்களும் அம்பயர்களோடு வாக்குவாதம் செய்துகொண்டுதான் இருந்தார்கள். ஆக, ஒரே ஆட்டத்தில் இரண்டு அணிக்கும் அதே அம்பயர்கள்மேல் கோபம்!

'நம்ம ஆள்' வேண்டாம் என்று சொன்ன காலம்

சேப்பாக்கம் டெஸ்ட் தனிக்கதை அல்ல. 1980ல் நியூசிலாந்தில் நடுவர் ஃப்ரெட் குடால்மேல் ஓடிவரும்போதே மோதினார் மேற்கிந்திய வேகப்பந்து வீச்சாளர் காலின் கிராஃப்ட். அதே தொடரில் மைக்கேல் ஹோல்டிங் ஸ்டம்பைக் காலால் உதைத்தார். அந்தப் புகைப்படம் இன்றும் பிரபலம். 1987 டிசம்பரில் ஃபைசலாபாத்தில் இங்கிலாந்து கேப்டன் மைக் கேட்டிங்கும் பாகிஸ்தான் நடுவர் ஷகூர் ராணாவும் முகத்துக்கு நேராக விரல் நீட்டிச் சண்டை போட்டார்கள். ஒரு நாள் முழு ஆட்டமும் நின்றுபோனது. கேட்டிங் எழுத்தில் மன்னிப்புக் கேட்ட பிறகே ஆட்டம் தொடர்ந்தது. இதில் வேடிக்கை, அந்தச் சுற்றுப்பயணத்துக்காக இங்கிலாந்து வீரர் ஒவ்வொருவருக்கும் அவர்கள் வாரியம் 1000 பவுண்டு கூடுதலாகக் கொடுத்தது!

எல்லாச் சண்டைக்கும் எல்லோரும் சொன்ன காரணம் ஒன்றே: 'அம்பயர் அவங்க ஊர்க்காரர்'. அப்படியென்றால் மருந்தும் சுலபம்தானே? மூன்றாவது நாட்டிலிருந்து நடுவரைக் கூட்டி வந்தால் போதும். இந்தக் கோரிக்கையை விடாமல் எழுப்பியவர் பாகிஸ்தான் கேப்டன் இம்ரான் கான். சேப்பாக்கம் டை முடிந்து இரண்டு மாதம்கூட ஆகாத நிலையில், 1986 நவம்பரில் லாகூரில் பாகிஸ்தானும் மேற்கிந்தியத் தீவுகளும் ஆடிய டெஸ்டுக்கு நடுவர்களாக நின்றவர்கள் வி.கே.ராமசாமியும் பிலூ ரிப்போர்ட்டரும். இருவரும் இந்தியர்கள்! சொந்த ஊரில் நம்பப்படாத இந்திய அம்பயர்கள் எல்லை தாண்டியதும் நம்பிக்கைக்குரியவர்கள் ஆனார்கள்.

1994 முதல் ஒவ்வொரு டெஸ்டுக்கும் ஒரு வெளிநாட்டு நடுவர், 2002 முதல் இருவருமே வெளிநாட்டவர் என்று ஐ.சி.சி. விதி கொண்டு வந்தது. இந்த மாற்றத்தால் பெயர் பெற்றவர்களில் ஒருவர் நம் சென்னைக்காரர் எஸ்.வெங்கட்ராகவன். ஆட்டக்காரராக இந்திய அணிக்குத் தலைமை தாங்கிய அவர், 1993 முதல் 2004 வரை 73 டெஸ்ட்களில் நடுவராக நின்றார்.

சந்தேகம் போனது, சண்டை போனதா?

2020ல் கொரோனா வந்தது. விமானப் பயணம் கஷ்டமானதால் உள்நாட்டு நடுவர்களையே போட்டுக்கொள்ள ஐ.சி.சி. அனுமதித்தது. 2021 பிப்ரவரியில் சேப்பாக்கத்தில் இந்தியாவும் இங்கிலாந்தும் அடுத்தடுத்து இரண்டு டெஸ்ட் ஆடின. பல வருடங்களுக்குப் பிறகு இந்திய டெஸ்டில் இரண்டு பக்கமும் இந்திய நடுவர்கள். இரண்டாவது டெஸ்டில் ஜோ ரூட்டுக்கு அவுட் கேட்டார்கள். நடுவர் நிதின் மேனன் கொடுக்கவில்லை. ரிவ்யூ கேட்டும் 'அம்பயர்ஸ் கால்' என்று வந்ததால் தீர்ப்பு மாறவில்லை. இந்திய கேப்டன் விராட் கோலி நடுவரிடம் போய்க் கோபமாக வாதாடினார்.

யோசித்துப் பாருங்கள். அதே மைதானம். மறுபடியும் இந்திய நடுவர். மறுபடியும் இந்தியாவுக்கு எதிரான தீர்ப்பு. இந்த முறை கேமரா, கம்ப்யூட்டர், மூன்றாவது நடுவர் எல்லாம் இருந்தார்கள். ஆனாலும் நடுவர்தான் திட்டு வாங்கினார்.

2019 ஏப்ரலில் ஜெய்ப்பூரில் நடந்ததையும் சென்னை ரசிகர்கள் மறந்திருக்க மாட்டார்கள். ஒரு நோ-பால் அறிவிப்பு திரும்பப் பெறப்பட்டதும், அவுட்டாகி வெளியே போயிருந்த தோனி மைதானத்துக்குள் நடந்து வந்து நடுவரிடம் சண்டை போட்டார். சம்பளத்தில் 50 சதவீதம் அபராதம். 'கேப்டன் கூல்' என்று பெயர் வாங்கியவருக்கே இந்த நிலை. அதற்கு இரண்டு வாரம் முன்பு பெங்களூரில் மலிங்காவின் நோ-பாலைக் கவனிக்காமல் விட்டதற்காக சென்னை நடுவர் எஸ்.ரவி நாடு முழுவதும் திட்டு வாங்கினார். அடுத்த வருடம் ஐ.பி.எல்.லில் முன்கால் நோ-பாலைப் பார்க்கும் வேலை டி.வி. நடுவருக்குப் போனது. திட்டியதால் ரவியின் கண்பார்வை கூடவில்லை. வேலையைப் பிரித்துக் கொடுத்ததால்தான் பிரச்சினை குறைந்தது.

இதிலிருந்து ஒன்று தெளிவாகிறது. 'அவர் எதிரணிக்கு வேண்டியவர்' என்பது காரணமே அல்ல, சாக்கு. தோல்வியின் கோபத்தைக் கொட்ட ஓர் ஆள் வேண்டும். மைதானத்தில் எந்த அணியிலும் சேராத ஆள் நடுவர் மட்டும்தான்.

மரண விசில்

கால்பந்தில் இந்தக் கோபம் உயிரையே குடித்திருக்கிறது. 2012 டிசம்பர் 2 அன்று நெதர்லாந்தின் அல்மேரே நகரில் சிறுவர் கால்பந்து ஆட்டம் ஒன்று நடந்தது. ரிச்சர்ட் நியூவென்ஹய்சன் என்ற 41 வயதுக்காரர் சம்பளமில்லாமல் லைன்ஸ்மேனாகக் கொடி பிடித்தார். காரணம், அவர் மகன் அந்த ஆட்டத்தில் ஆடினான். ஆட்டம் முடிந்ததும் எதிரணிப் பையன்கள் அவரைக் கீழே தள்ளி உதைத்தார்கள். மறுநாள் அவர் இறந்துபோனார். அடுத்த வார இறுதியில் அந்த நாடு முழுவதும் அமெச்சூர் கால்பந்து ஆட்டங்கள் நிறுத்தப்பட்டன. 2013ல் ஆறு சிறுவர்களும் ஒரு பையனின் தந்தையும் குற்றவாளிகள் என்று தீர்ப்பு வந்தது. அந்தத் தந்தையைக் கொஞ்சம் கவனியுங்கள். பெரியவர்கள் ஓரத்தில் நின்று என்ன செய்கிறார்களோ, அதைத்தான் பிள்ளைகள் உள்ளே செய்கிறார்கள்.

கால்பந்து தன் நடுவர்களைக் காப்பாற்றப் பல வழிகளைத் தேடியது. 1966 உலகக் கோப்பை ஆட்டம் ஒன்றில் யாருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள் என்பதே புரியாமல் போனது. அதன் பிறகு ஆங்கிலேய நடுவர் கென் ஆஸ்டன், சாலை சிக்னல் விளக்கைப் பார்த்து மஞ்சள், சிவப்பு அட்டைகளை யோசித்தார். 1970 உலகக் கோப்பையில் அவை வந்தன. கிரிக்கெட் 2017ல்தான் நடுவரை மிரட்டும் ஆட்டக்காரரை வெளியே அனுப்பும் விதியைச் சேர்த்தது. 2023ல் இங்கிலாந்தின் உள்ளூர் கால்பந்தில் நடுவர்களின் மார்பில் கேமரா கட்டி அனுப்பிப் பார்த்தார்கள். போலீஸ்காரர் போல! ஞாயிற்றுக்கிழமை காலை விளையாட்டு எங்கே வந்து நிற்கிறது பாருங்கள்.

நம் ஊரில் இந்தப் பிரச்சினை வேறு வடிவத்தில் இருக்கிறது. பள்ளிக்கூட ஆட்டத்தில் விசில் ஊதுபவர் பெரும்பாலும் பி.டி. மாஸ்டர். ஹாரி குரோ பக் 1920ல் மெட்ராஸில் தொடங்கிய, இன்று நந்தனத்தில் இருக்கும் ஒய்.எம்.சி.ஏ. உடற்கல்விக் கல்லூரி தலைமுறை தலைமுறையாக இப்படிப்பட்ட ஆசிரியர்களை உருவாக்கியிருக்கிறது. பி.டி. மாஸ்டரை எதிர்த்துப் பேச எந்தப் பையனுக்கும் தைரியம் வராது. ஆனால் அது மரியாதை அல்ல, பயம். விசில் வேறு ஒருவர் கைக்குப் போனதும், உதாரணமாக நேற்றுவரை கூட ஆடிய ஓர் அண்ணன் கைக்குப் போனதும், பயம் போய்விடுகிறது. மிச்சம் இருப்பது 'போங்கு' மட்டும்.

இழப்பு யாருக்கு?

இந்திய ஆண்கள் கால்பந்து அணி இதுவரை ஒரு உலகக் கோப்பையிலும் ஆடியதில்லை. ஆனால் 2002ல் ஜப்பானும் கொரியாவும் நடத்திய உலகக் கோப்பையில் ஒரு சென்னைக்காரர் இருந்தார். கோமளீஸ்வரன் சங்கர். துணை நடுவராக, கொடியோடு. பதினோரு பேர் போக முடியாத இடத்துக்கு ஒருவர் போய் வந்தார். திண்டுக்கல்லைச் சேர்ந்த முன்னாள் வீராங்கனை ரூபா தேவி பிறகு ஃபிஃபா நடுவர் ஆனார். இவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு சின்ன மைதானத்தில், சுற்றி நின்றவர்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டே ஆரம்பித்தவர்கள்தான்.

பதினாறு வயதில் முதல்முறை விசில் பிடிக்கும் பையனோ பெண்ணோ கட்டாயம் தப்பு செய்வார்கள். கோல் போடத் தெரியாத பையனுக்கு நாம் இரண்டாவது வாய்ப்பு கொடுக்கிறோம். கேட்சை விட்டவனைத் தோளில் தட்டி 'பரவாயில்லடா' என்கிறோம். நடுவருக்கு மட்டும் அந்த 'பரவாயில்லடா' கிடைப்பதில்லை. அந்த ஒரு வார்த்தை கிடைக்காததால் எத்தனை பேர் அடுத்த ஞாயிறு வராமல் போனார்களோ!

சேப்பாக்கத்தில் அன்று பந்து மட்டையில் பட்டதா இல்லையா என்று இனி யாராலும் நிரூபிக்க முடியாது. அது விக்ரம்ராஜுவின் தவறாக இருக்கலாம், சரியாகவும் இருக்கலாம். நிச்சயமாக அது போங்கு இல்லை. சொந்த நாடு ஜெயிக்கக் காத்திருந்த நேரத்தில், தான் கண்டதாக நம்பியதை அவர் சொன்னார். அடுத்த முறை ஏதோ ஒரு மைதானத்தில் விசில் தப்பாக ஒலித்தால், 'தப்பு சார்' என்று சொல்லிவிட்டு ஆட்டத்தைத் தொடருங்கள். ஆட்டம் நடக்க இரண்டு அணி வேண்டும். அதைவிட முக்கியமாக, இரண்டு அணியிலும் சேராத ஒருவர் வேண்டும்.