6 நகர்வில் சரணடைந்த ஆனந்த்: தேறாத ஓபனிங்கை காப்பி அடித்தால் என்ன ஆகும்?

நெல்லை, பாளையங்கோட்டை, அம்பாசமுத்திரம் என எங்கே பள்ளி செஸ் போட்டி நடந்தாலும், வீடியோவில் பார்த்த ஓபனிங்கை அப்படியே ஆடிப் பார்க்கும் மாணவர்கள் இருப்பார்கள். இதில் என்ன ஆபத்து? விஸ்வநாதன் ஆனந்தே ஒருமுறை இப்படிச் சிக்கியிருக்கிறார்.

என்ன நடந்தது?

1988, சுவிட்சர்லாந்தின் பீல் நகரப் போட்டி. வெள்ளைக் காய்களுடன் கொலம்பியாவின் அலோன்சோ சபாடா; கறுப்பில் ஆனந்த். ஆடியது பெட்ரோவ் டிஃபென்ஸ்.

1. சிப்பாய் இ4 – சிப்பாய் இ5
2. குதிரை எஃப்3 – குதிரை எஃப்6
3. குதிரை இ5-ல் வெட்டு – சிப்பாய் டி6
4. குதிரை மீண்டும் எஃப்3 – குதிரை இ4-ல் வெட்டு
5. குதிரை சி3 – பிஷப் எஃப்5
6. ராணி இ2 – ஆனந்த் தோல்வியை ஒப்புக்கொண்டார்!

பிஷப் எஃப்5 ஏன் தப்பு?

ராணி இ2-க்கு வந்ததும் கறுப்புக் குதிரை மாட்டிக்கொள்கிறது. பின்னால் ராஜா நிற்பதால் அது நகரவே முடியாது. அதை வெள்ளையின் ராணியும் குதிரையும் குறிவைக்கின்றன. காப்பாற்ற இருப்பது பிஷப் மட்டும்தான்.

டி5 சிப்பாயைக் காவலுக்கு வைத்தால், வெள்ளை டி3 தள்ளும். ராணியை இ7-ல் வைத்தால், வெள்ளைக் குதிரை டி5-க்குப் பாய்ந்து ராணியை மிரட்டும். அடுத்து சி7-ல் செக்கும் காத்திருக்கும். எப்படிப் பார்த்தாலும் ஒரு காய் காலி.

அப்புறம் ஏன் ஆடினார்?

1987-ல் டோனி மைல்ஸுக்கு எதிராக லேரி கிறிஸ்டியன்சன் இதே நகர்வை ஆடியிருந்தார். மைல்ஸ் ராணியை இ2-க்குக் கொண்டுவராமல் குதிரையை வெட்ட, ஆட்டம் 20 நகர்வில் டிரா. அந்த ஆட்டத்தை ஆனந்த் நம்பிவிட்டார் என்பதே செஸ் உலகில் சொல்லப்படும் காரணம். டிரா ஆனதால் நகர்வு சரி என்று ஆகிவிடாது. எதிராளி தண்டிக்கவில்லை, அவ்வளவுதான்.

சரியான வழி எது?

5-வது நகர்வில் சி3 குதிரையை வெட்டிவிடுவதே இன்றும் பெரிய வீரர்கள் ஆடும் வழக்கமான பதில்.

மாணவர்கள் கவனிக்க வேண்டியது

புது ஓபனிங்கை மனப்பாடம் செய்யும் முன், ஒவ்வொரு நகர்விலும் எதிராளியின் இடத்தில் உட்கார்ந்து யோசியுங்கள்: செக் இருக்கிறதா? வெட்டு இருக்கிறதா? காவலை விட தாக்குதல் அதிகமா? கம்ப்யூட்டர் செஸ் எஞ்சினில் ஒருமுறை சரிபார்த்தால் இன்னும் நல்லது.

அந்தத் தோல்வியோடு ஆனந்த் நின்றுவிடவில்லை. அதே 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட்மாஸ்டர் ஆனார். பிறகு 5 முறை உலக சாம்பியன்!