பேர் எதுக்கு, சாதி போதும்!

'தி பீப்பிள் ஆஃப் இந்தியா'ன்னு ஒரு புத்தகம். 1868 முதல் 1875 வரை லண்டனில் எட்டுத் தொகுதிகளாக வந்தது. தொகுத்தவர்கள் ஃபோர்ப்ஸ் வாட்சன், ஜான் வில்லியம் கே. 400க்கும் மேல் படங்கள். அச்சடித்த படம் இல்லைங்க, நிஜ ஃபோட்டோவையே ஒட்டியிருக்காங்க! போட்டது மொத்தம் 200 பிரதிதான். (பெரும்பாலும் வட இந்தியா. நம்ம பக்கத்துப் படங்கள் ரொம்பக் குறைவு.)

ஆரம்பம் என்னவோ சாதுவானதுதான். கவர்னர் ஜெனரல் கானிங்கும் அவர் மனைவியும் ஊர் திரும்பும்போது ஞாபகார்த்தமாக எடுத்துப் போக இந்நாட்டு மக்களின் படங்களைச் சேர்க்க நினைத்தார்கள். கேமரா வைத்திருந்த அதிகாரிகள் எடுத்து அனுப்பினார்கள். நடுவில் 1857 சிப்பாய்க் கலகம். எவன் விசுவாசி, எவன் எதிரின்னு தெரிஞ்சாகணும் என்ற அவசரம் வந்ததும், வீட்டு ஆல்பம் சர்க்கார் வேலையாகிவிட்டது.

படத்துக்குக் கீழே பெரும்பாலும் ஆளின் பேர் இருக்காது. சாதி, இனம், ஊர், அவ்வளவுதான். கூடவே குணத்தைப் பற்றி ஒரு தீர்ப்பு: இவர்கள் நம்பத்தக்கவர்கள், இவர்கள் திருடர்கள்... கேமரா முன்னாடி உட்கார்ந்தது ஒருத்தர். தீர்ப்பு ஒரு கூட்டத்துக்கே. முகம் நிஜம் என்பதால் பக்கத்தில் இருக்கும் எழுத்தும் நிஜம்போலத் தெரியும். ஃபோட்டோவின் வில்லங்கமே இதுதான்னு எனக்குத் தோணுது.

1869இல் சர் சையது அகமது கான் மகன்களோடு லண்டன் போயிருந்தார். எட்டுத் தொகுதிகளும் அப்போது வந்திருக்கவில்லை. இந்தியா ஆபீஸில் இந்தப் புத்தகத்தை மகன் மகமூத் புரட்டிக்கொண்டிருக்கிறார். (பின்னாளில் அலகாபாத் உயர் நீதிமன்ற நீதிபதியானவர்.) ஒரு வெள்ளைக்கார இளைஞர் வந்து, நீங்க ஹிந்துஸ்தானியான்னு கேட்கிறார். மகமூத் முகம் சிவந்து ஆமாம் என்கிறார். உடனே, நான் ஆதிகுடி இல்லை, என் முன்னோர்கள் வேற நாட்டிலிருந்து வந்தவங்கன்னு அவசரமா விளக்கம் வேற!

புத்தகம் தப்புன்னு அவர் சொல்லலை, கவனிச்சீங்களா? நான் இதுல இல்லைன்னுதான் சொன்னார். அந்த ஆல்பத்தின் முழு பலமும் இந்த ஒரு பதிலில் தெரிகிறது. அப்பாவுக்கோ வேறு கவலை. சிவில் சர்வீஸ் பரீட்சை பாஸ் செய்து இந்தியாவுக்குக் கப்பலேறப் போகிற பையன்கள் கிளம்பும் முன்னே இதைத்தான் புரட்டிப் பார்க்கிறார்கள், பார்த்துவிட்டு நம்மை என்னவென்று நினைப்பார்கள் என்று எழுதி வைத்தார்.