பவளத் தொட்டிகளில் நைட்ரேட் கட்டுப்பாடு

பவளத் தொட்டிகளில் நைட்ரேட் கட்டுப்பாடு என்பது, பவள உயிரிகளும் கடல்மீன்களும் வளர்க்கப்படும் கடல்நீர்த் தொட்டியில் நைட்ரேட்டின் அளவைக் குறைவாகவும் நிலையாகவும் பேணும் முறைகளைக் குறிக்கும். மீன்தொட்டிகளில் பொதுவாகப் பொருத்தப்படும் வடிகட்டி, நச்சுத்தன்மை மிக்க அமோனியாவை நைட்ரேட்டாக மாற்றுகிறதேயன்றி நைட்ரேட்டை வெளியேற்றுவதில்லை. ஆகவே, நீர் தெளிவாக இருப்பினும் நைட்ரேட் நாள்தோறும் கூடிக்கொண்டே செல்லும். அதனை வெளியேற்றத் தனி வழிகள் தேவைப்படுகின்றன.

தோற்றம்

மீன்களின் கழிவும் உண்ணப்படாத உணவும் சிதைவதால் அமோனியா உண்டாகிறது. ஆக்சிசன் மிகுந்த இடங்களில் வாழும் நுண்ணுயிர்கள் இதனை முதலில் நைட்ரைட்டாகவும் பின்னர் நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. இரண்டாம் மாற்றத்தை நைட்ரோபாக்டர் வகை பாக்டீரியாக்கள் செய்வதாக நெடுங்காலம் கருதப்பட்டது. மீன்தொட்டிகளில் இப்பணியைச் செய்பவை நைட்ரோஸ்பைரா வகையைச் சார்ந்தவை என்பதை 1998இல் வெளியான ஆய்வு காட்டியது.

ஆக்சிசன் இல்லாத இடங்களில் வாழும் வேறு பாக்டீரியாக்கள் நைட்ரேட்டை நைட்ரசன் வளிமமாக மாற்றிவிடுகின்றன. சாதாரண வடிகட்டியில் நீரோட்டம் வேகமாக இருப்பதால் இத்தகைய இடம் அமைவதில்லை.

பவளங்களில் ஏற்படும் விளைவுகள்

பவள உயிரியின் திசுக்களுள் வாழும் நுண்பாசிகள் அதற்கு உணவளிக்கின்றன. நைட்ரேட் மிகும்போது இந்நுண்பாசிகள் அளவுக்கு மீறிப் பெருகுகின்றன. பவளம் பழுப்பு நிறமடைகிறது. அதன் சுண்ணாம்புக் கூட்டின் வளர்ச்சியும் குன்றக்கூடும். பாறைகளின் மீது இழைப்பாசிகள் படர்ந்து பவளங்களை மூடுவதும் உண்டு.

மாறாக, நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் முற்றிலும் இல்லாத நீரில் பவளங்கள் வெளிறி நலிவடைகின்றன. எனவே சுழியம் என்பது இலக்கன்று.

அளவுகள்

இயற்கையான பவளத்திட்டுகளில் நைட்ரேட் பெரும்பாலும் லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவாகவே காணப்படும். பவளத் தொட்டிகளில் 1 முதல் 10 மில்லிகிராம் வரை பொதுவாக ஏற்கப்படுகிறது. மீன்கள் மட்டும் உள்ள தொட்டிகள் இதனினும் மிகுதியான அளவைத் தாங்கும்.

சில சோதனைப் பெட்டிகள் நைட்ரேட்டில் உள்ள நைட்ரசனை மட்டும் காட்டுகின்றன. அவ்வெண்ணை 4.4ஆல் பெருக்கினால் நைட்ரேட்டின் அளவு கிடைக்கும். இவ்வேறுபாட்டைக் கவனியாதவர் 22 மில்லிகிராமை 5 எனப் பிழையாகக் கொள்ள நேரிடும்.

கட்டுப்படுத்தும் முறைகள்

* நீர் மாற்றுதல்: 50 மில்லிகிராம் நைட்ரேட் உள்ள தொட்டியில் ஐந்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் அளவு 40 ஆகும், மூன்று முறை மாற்றினால் ஏறத்தாழ 26 ஆகும். இடைக்காலத்தில் புதிதாகச் சேர்வது இக்கணக்கில் அடங்காது.
* நுரைப்பிரிப்பி: ஸ்கிம்மர் என வழங்கப்படும் இக்கருவி, நுண்ணிய காற்றுக்குமிழிகளின் மூலம் கரிமக் கழிவுகளைச் சிதையுமுன்னரே நீக்குகிறது. ஏற்கனவே உருவான நைட்ரேட்டை இது நீக்குவதில்லை.
* கடற்பாசி வளர்த்தல்: தனித் தொட்டியில் ஒளியூட்டி வளர்க்கப்படும் பாசி நைட்ரேட்டை உண்டு வளர்கிறது. வளர்ந்த பாசியை அவ்வப்போது அறுத்து வெளியே எறிந்தால்தான் பயன் உண்டு.
* ஆழ்மணல் படுகை: சுமார் 10 சென்டிமீட்டர் ஆழமுள்ள நுண்மணலின் அடிப்பகுதியில் ஆக்சிசன் குறைவதால் நைட்ரேட் சிதைகிறது. படுகையைக் கிளறினால் நச்சான ஐதரசன் சல்பைடு வெளிப்படக்கூடும்.
* கரிமம் சேர்த்தல்: வினிகர் போன்றவற்றைச் சிறிதளவு சேர்த்தால் பாக்டீரியாக்கள் பெருகி நைட்ரேட்டை உட்கொள்கின்றன, அவற்றை நுரைப்பிரிப்பி நீக்குகிறது. அளவு மிகுந்தால் நீரில் ஆக்சிசன் குறைந்து மீன்கள் இறக்க நேரிடும்.

வடிகட்டியிலுள்ள பஞ்சை அடிக்கடி அலசாவிடில் அதில் தங்கிய கழிவே நைட்ரேட்டின் ஊற்றாகிவிடும்.

பயன்படுத்தும் நீர்

தென்னேரி, காஞ்சிபுரம் போன்ற கடலுக்கு அப்பாலுள்ள ஊர்களில் செயற்கைக் கடலுப்பை நன்னீரில் கரைத்தே தொட்டி அமைக்க வேண்டும். லிட்டருக்கு ஏறத்தாழ 35 கிராம் உப்புத்தன்மை தேவை. இந்தியக் குடிநீர்த் தரநிர்ணயம் லிட்டருக்கு 45 மில்லிகிராம் வரை நைட்ரேட்டை அனுமதிக்கிறது. ஆகவே குடிக்கத் தகுந்த கிணற்று நீரும் பவளத்திற்குத் தகாததாக இருக்கலாம்; அத்தகைய நீரைக் கொண்டு எத்தனை முறை மாற்றினாலும் நைட்ரேட் குறையாது. இதனால் ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நீர் பயன்படுத்தப்படுகிறது. ஆவியான நீரை ஈடுசெய்ய உப்பில்லா நீரையே ஊற்ற வேண்டும்.

உயிர்ப்பாறையும் சட்டமும்

நுண்ணுயிர்கள் குடியேறிய நுண்துளைப் பவளப்பாறை உயிர்ப்பாறை எனப்படுகிறது. இதன் மேற்பரப்பில் அமோனியாவும் உட்துளைகளில் நைட்ரேட்டும் சிதைகின்றன. இந்தோனேசியாவைச் சேர்ந்த லீ சின் எங் இதனைப் பயன்படுத்தும் முறையை 1961இல் எழுதிய கட்டுரையில் விளக்கினார். பின்னர் செருமனியில் உருவான பெர்லின் முறை, உயிர்ப்பாறையுடன் நுரைப்பிரிப்பியையும் இணைத்தது.

இந்தியாவில் இம்முறையை அப்படியே பின்பற்ற இயலாது. 1972ஆம் ஆண்டின் காட்டுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் திட்டமைக்கும் கற்பவளங்கள் அனைத்தும் 2001இல் சேர்க்கப்பட்டன. அவற்றைக் கடலிலிருந்து எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றங்களாகும். மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காகப் பவளப்பாறைகள் பல ஆண்டுகள் வெட்டியெடுக்கப்பட்டன. அங்குள்ள 21 தீவுகளுள் இரண்டு மூழ்கியதற்கு இதுவும் ஒரு காரணமாகக் கூறப்படுகிறது.

ஆகையால் நுண்துளைகள் கொண்ட செயற்கைப் பாறைகளும் சுட்ட களிமண் வளையங்களும் மாற்றாகப் பயன்படுகின்றன. இவற்றில் நுண்ணுயிர்கள் நிலைபெறப் பல வாரங்கள் ஆகும். அமோனியாவும் நைட்ரைட்டும் சுழியமான பின்னரே மீன்களை விடுதல் வேண்டும். மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவன மையம் கோமாளி மீன்களைக் குஞ்சு பொரிப்பகத்தில் இனப்பெருக்கம் செய்துள்ளது. இவ்வாறு வளர்க்கப்பட்ட மீன்களை வாங்குவதால் இயற்கைத் திட்டுகளின் மீதான சுமை குறைகிறது.

இவற்றையும் பார்க்க

* நைட்ரசன் சுழற்சி
* பவளப்பாறை
* மன்னார் வளைகுடா கடல்சார் தேசியப் பூங்கா