விரல்களுக்குக் குறுக்குவழி கண்டவர்கள்



மட்டக்களப்பு நகருக்குப் போக வலையிறவுப் பாலம் இருக்கையில் வாவியைச் சுற்றிப் போக நம்மில் யாருக்கும் மனம் வராது. ஆனால் கணினிக்கு முன்னால் அமர்ந்தால் பலர் சுற்றித்தான் போகிறோம். சங்கத்தின் கூட்டறிக்கை, பாடசாலை வினாத்தாள், பிரதேச செயலகத்துக்கான கடிதம் என்று பத்து நிமிட வேலை ஒரு மணித்தியாலமாகிறது. வேலையைச் சுருக்கும் வழிகளை நமக்கு முன்னே பலர் கண்டுவைத்திருக்கிறார்கள். அவர்களில் முதல்வர் நம் நாட்டவர்.

யாழ்ப்பாணம் சுண்டுக்குளியில் 1886 இல் பிறந்தவர் ஆர். முத்தையா. மலாயாவுக்குப் போய், பின்னர் சிங்கப்பூரில் ஒரு நிறுவனத்தில் எழுதுவினைஞராக வேலை செய்தார். ஆங்கிலக் கடிதங்கள் இயந்திரத்தில் அச்சாக, தமிழ்க் கடிதங்கள் கையெழுத்திலேயே நின்ற காலம் அது. தமிழில் 247 எழுத்துகள்; தட்டச்சுப் பொறியிலோ ஐம்பதுக்கும் குறைந்த விசைகள். எல்லாவற்றையும் எப்படி அடக்குவது? புள்ளி, விசிறி போன்ற குறிகளுக்கு நகராத விசைகளை வைத்தார் முத்தையா. அவற்றை அழுத்தினால் தாள் அசையாது; அடுத்து அடிக்கும் எழுத்து அந்தக் குறியோடு சேர்ந்து விழும். ஜேர்மனியில் உருவான அந்தப் பொறிதான் தமிழ்த் தட்டச்சுக்கு வழி திறந்தது.

இரண்டாமவர் அமெரிக்கரான லாரி டெஸ்லர். முன்பு பத்திரிகை அலுவலகங்களில் ஒரு பந்தியை இடம் மாற்ற வேண்டுமானால் கத்தரிக்கோலால் வெட்டிப் பசையால் ஒட்டுவார்கள். 1970களின் நடுப்பகுதியில் செரொக்ஸ் நிறுவன ஆய்வுகூடத்தில் டெஸ்லரும் டிம் மொட்டும் அதையே கணினித் திரைக்குக் கொண்டுவந்தார்கள். இன்று கொன்ட்ரோல் விசையோடு எக்ஸ் வெட்டும், சீ பிரதி எடுக்கும், வீ ஒட்டும். பக்கத்திலிருக்கும் இசட், செய்த பிழையை மீளப் பெறும். நான்கும் கீழ்வரிசையில் அடுத்தடுத்து இருப்பதால் இடக்கையே போதும். டெஸ்லர் 2020 இல் காலமானார். அவர் தந்த வசதியை உலகம் நாள்தோறும் பாவிக்கிறது.

மூன்றாவது, 1999 பெப்ரவரியில் சென்னையில் நடந்த தமிழிணைய மாநாட்டையொட்டி வந்த தமிழ் 99 விசைப்பலகை. உயிரெழுத்துகள் இடக்கைக்கு, மெய்கள் வலக்கைக்கு. அதன் அழகு, நம் மொழியின் இயல்பை அது அறிந்திருப்பது. ககரத்தை இருமுறை தட்டினால் முதலாவதுக்குத் தானாகவே புள்ளி விழும். ங-வுக்குப் பின் க தட்டினாலும் அப்படியே. ‘வங்கி’ என்று எழுத வ, ங, க, இ என நான்கு தட்டுகள் போதும். புள்ளியைத் தனியே தட்டும் முறையில் ஐந்து. ஒரு சொல்லில் ஒரு தட்டு அற்பம். நாள் முழுக்க அடிப்பவருக்கு அது விரல் வலியின் கணக்கு.

இனி முக்கியமான விடயம். நம் பகுதியில் இன்னும் பலர் பாமினி எழுத்துருவில் அடிக்கிறோம். திரையில் தமிழாகத் தெரிந்தாலும், கணினியின் உள்ளே அது ஆங்கில எழுத்தாகவே இருக்கிறது. அந்த எழுத்துரு இல்லாத கணினியிலோ தொலைபேசியிலோ திறந்தால் புரியாத குறிகள்தான் வரும். யுனிகோடில் அப்படியல்ல. 1991 இல் வெளிவந்த அதன் முதற் பதிப்பிலேயே தமிழுக்கு இடம் உண்டு. யுனிகோடில் அடித்ததை எங்கேயும் வாசிக்கலாம், தேடலாம்.

இதை நாம் வலியுறுத்துவது நேர மிச்சத்துக்காக மட்டுமல்ல. 1978 சூறாவளியும் பிறகு போரும் நம் மக்களின் எத்தனையோ பத்திரங்களை, பதிவுகளைக் கொண்டுபோய்விட்டன. ஒரு பிறப்புச் சான்றுக்கும் காணி உறுதிக்கும் அலைந்த குடும்பங்கள் தமிழர் வீட்டிலும் உண்டு, முஸ்லிம் வீட்டிலும் உண்டு. இன்று கணினியில் ஏற்றும் பெயர்ப் பட்டியலை இருபது வருடம் கழித்து ஒரு பிள்ளை திறந்தால், தன் வாப்பாவின் பெயரோ அப்பாவின் பெயரோ வாசிக்கக் கிடைக்க வேண்டும்.

ஆகவே இந்த வாரம் நான்கு பழக்கங்களைத் தொடங்குவோம்.

1. புதிய ஆவணங்களை யுனிகோடிலேயே அடிப்போம். பழைய பாமினிக் கோப்புகளை மாற்றிக் கொடுக்க இலவச எழுத்துரு மாற்றிகள் இருக்கின்றன. மாற்றியபின் பெயர்களை ஒருமுறை சரிபார்ப்போம்.

2. நீண்ட பட்டியலில் பெயரைக் கண்ணால் தேடாமல் கொன்ட்ரோலும் எஃப்பும் அழுத்துவோம்.

3. ‘மட்டக்களப்பு மேற்கு கல்வி வலயம்’ போன்று அடிக்கடி வரும் தொடரை வேர்ட் மென்பொருளின் தானியங்கித் திருத்தத்தில் ஒரு சுருக்கமாகப் பதிந்து வைப்போம். சுருக்கத்தை அடித்தால் முழுத் தொடரும் வந்துவிடும்.

4. ஒவ்வொரு பந்தி முடிவிலும் கொன்ட்ரோலும் எஸ்ஸும். மின்சாரம் நம்மிடம் சொல்லிவிட்டுப் போவதில்லை.

உயர்தரம் எழுதிவிட்டு வீட்டிலிருக்கும் பிள்ளைகளுக்கு இதைக் காட்டுங்கள். கடையில் காசு கொடுத்து அடிப்பிக்கும் விண்ணப்பத்தை அவர்களே அடிப்பார்கள்; நாளை அதுவே அவர்களுக்கு ஒரு தொழிலும் ஆகலாம். உங்களுக்குத் தெரிந்த வேறு வழிகள் இருந்தால் கீழே எழுதுங்கள், எல்லோரும் படித்துக்கொள்வோம்.