கன்றின் பங்கு

தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் ஒரு விளக்குக் கணக்கு வருகிறது. அணையாமல் எரியும் ஒரு விளக்குக்கு ஆடு என்றால் 96, பசு என்றால் 48, எருமை என்றால் 16. அவற்றைப் பெற்றுக்கொண்ட இடையர் தினமும் ஒரு உழக்கு நெய் அளந்துவிட வேண்டும். 11ஆம் நூற்றாண்டின் தொடக்கத்து ஏற்பாடு இது.

வரலாறு படிப்பவர்கள் இதைக் கோயில் பொருளாதாரம் என்று சொல்லிக் கடந்துவிடுவார்கள். எனக்குக் கோடு எழுதும் புத்தி, எண்ணைக் கண்டால் வகுத்துப் பார்க்காமல் இருக்க முடியாது. உழக்கு என்பது கால் நாழி. தாராளமாகவே வைத்துக்கொள்வோம், லிட்டரில் மூன்றில் ஒரு பங்கு. அவ்வளவு நெய்க்கு ஏழெட்டு லிட்டர் பசும்பால் போதும். இன்றைய ஒரு கலப்பின ஜெர்சி மாடு ஒற்றை ஆளாக அந்த விளக்கை எரித்துவிடும். சோழர் கணக்கிலோ 48 பசு! தலைக்கு ஒரு டம்ளர் பால்கூட வரவில்லை.

மாடு அவ்வளவு மோசமா? பாதி மாடு சினையாகவோ பால் வற்றியோ நிற்கும், சரி. அப்போதும் கறவை மாட்டுக்கு 300 மில்லிதான் வருகிறது. மிச்சப் பால் எங்கே போனது? இடையர் குடும்பம் கொஞ்சம் குடித்திருக்கும். மீதியைக் கன்று குடித்தது என்பது என் வாசிப்பு. அந்த மந்தைக்குக் கல்வெட்டுகள் வைத்த பெயரே 'சாவா மூவா'. அதாவது சாகாதது, மூப்படையாதது. மாடு சாகத்தான் செய்யும், எண்ணிக்கை மட்டும் குறையக்கூடாது. குறையாமல் இருக்க வேண்டுமென்றால் கன்று பிழைக்க வேண்டும். அது பிழைக்கப் பால் வேண்டும். நாம் சர்வருக்கு பேக்கப் வைக்கிறோமே, அதுபோலத்தான்.

விழுப்புரம் மாவட்டத்தில் பிரம்மதேசம் என்று இரண்டு ஊர் உண்டு. எண்ணாயிரத்துக்குப் பக்கத்தில் இருப்பதில் சோழர் காலக் கோயில்கள் இருக்கின்றன. திண்டிவனத்திலிருந்து மரக்காணம் போகும் வழியில் இருப்பது என் ஆயாவின் ஊர். ஆயா கல்வெட்டு படித்ததில்லை. ஆனால் இரண்டு காம்பைக் கறந்து இரண்டைக் கன்றுக்கு விடுவார். "கன்னு வயிறு நெறஞ்சாதான்டா மாடு காலு ஒதறாம நிக்கும்" என்பார். நாட்டு மாடு கன்று வந்து முட்டாமல் பாலை இறக்காது. அதனால் கன்றை உயிரோடு வைத்திருப்பது கறப்பவருக்கும் அவசியமாக இருந்தது.

சீம்பால் விஷயத்தில் மட்டும் ஆயாவோடு எனக்குச் சண்டை. வெல்லம் போட்டுக் காய்ச்சித் தெரு முழுக்கக் கொடுத்தனுப்புவார். ருசி என்னவோ பிரமாதம்தான். ஆனால் பசுவின் நோய் எதிர்ப்புப் பொருள் கருப்பையில் கன்றுக்குப் போய்ச் சேராது, சீம்பால் வழியாகத்தான் போயாக வேண்டும். கன்றின் குடல் அதை அப்படியே உறிஞ்சுவது முதல் ஒரு நாள் மட்டும்தான், அதுவும் மணிக்கு மணி குறைந்துகொண்டே வரும். பிறந்த ஓரிரு மணி நேரத்துக்குள் குடிக்க ஆரம்பித்து, முதல் நாளில் எடையில் பத்தில் ஒரு பங்காவது உள்ளே போக வேண்டும். 25 கிலோ கன்றுக்கு இரண்டரை லிட்டர். தெருவுக்குக் கொடுப்பது அதற்குப் பிறகு மிஞ்சினால்தான்.

கன்றுக்கு நான்கு அறை வயிறு இருந்தாலும் பிறந்தவுடன் வேலை செய்வது நான்காவது அறைதான். பால் ஒரு தசை மடிப்பின் வழியாக முதல் அறையைத் தாண்டி நேராக அங்கே போய்விடும். அப்படியென்றால் முதல் அறை எப்போது விழிக்கிறது? 1950களில் அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் வார்னர், பிளாட், லூஸ்லி ஆகியோர் இதற்காக விசித்திரமான சோதனைகள் செய்தார்கள். கன்றின் முதல் வயிற்றுக்குள் பிளாஸ்டிக் பஞ்சை வைத்துப் பார்த்தார்கள். பை பெரிதானது, சத்தை உறிஞ்சும் உட்புற மொட்டுகள் வளரவில்லை. தானியம் புளித்து உண்டாகும் அமிலங்கள்தான் அவற்றை வளர்த்தன. இரண்டாவது வாரத்திலேயே கன்று முன்னால் ஒரு பிடி தானியக் கலவையும் தண்ணீரும் வைக்கச் சொல்வது இதனால்தான்.

அறிவு கூடிய அதே காலத்தில் கன்றின் பிடி தளர்ந்தது. 1970இல் வெண்மைப் புரட்சி தொடங்கியது, கிராமம் கிராமமாகக் கலப்பின மாடு வந்தது. அது கன்று இல்லாமலும் பாலை இறக்கும். சொசைட்டியில் ஒவ்வொரு லிட்டருக்கும் காசு. உழவுக்கு டிராக்டர் வந்த பிறகு காளைக்கன்று வெறும் செலவு. எங்கள் பக்கம் மாடு ஈன்றால் முதல் கேள்வி இன்றைக்கும் "கெடேரியா, காளையா?" என்பதுதான். காளை என்றால் அதற்கு விடும் பால் சத்தமில்லாமல் குறையும். யாரும் கொல்வதில்லை, இரண்டு மாதத்தில் விலா எலும்பு தெரியும், கழிச்சல் வரும், அவ்வளவுதான். இப்போது பத்துக்கு ஒன்பது கெடேரியாகவே பிறக்கிற மாதிரி பிரித்தெடுத்த சினை ஊசியும் வந்துவிட்டது.